ஒரு கட்டிலுக்கு 36 நிமிடங்கள்

மழை விட்டும் விடாத ஒரு கார்த்திகை இரவு. வன்னியிலுள்ள ஓர் ஆதார வைத்தியசாலையின் ஆண்கள் விடுதியில், காய்ச்சலுடன் அனுமதிக்கப்பட்டிருந்த எமது உறவினர் ஒருவருக்குத் துணையாக நாம் நின்றோம். அங்கிருந்த கட்டில்கள் 28. நோயாளர்களோ 40 பேர். கட்டில் கிடைக்காதவர்கள் கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். வயலில் இறங்கி எலிக்காய்ச்சலோடு வந்தவர்கள், தண்ணீர் தேங்கிய வளவுகளிலிருந்து டெங்குவோடு வந்தவர்கள், பனிக்குளிரில் மூச்சிழுப்புக் கண்ட முதியவர்கள் என விடுதி நிரம்பியிருந்தது. இரவுக் கடமையில் இருந்த தாதியர் இருவர் மட்டுமே.

பதினொரு மணியளவில் எமது உறவினரின் சேலைன் போத்தல் முடிந்துவிட்டது. குழாயில் இரத்தம் மேலேறுவதைக் கண்டு நாம் பயந்துபோனோம். "மிஸி, மிஸி" என்று பலதரம் கூப்பிட்டோம். எவரும் வரவில்லை. ஈற்றில் எங்களில் ஒருவர் எழுந்து போய்ச் சத்தம் போட்டார்.

"எத்தினை தரம் கூப்பிடுறது? காது கேக்கேல்லையோ? சம்பளம் மட்டும் ஒழுங்கா எடுக்கிறியள்தானே!"

அந்த மிஸி திரும்பியும் பார்க்கவில்லை. கடைசிக் கட்டிலருகே குனிந்தபடி நின்றார். சற்றுமுன் பாம்பு கடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு கமக்காரர் அதில் கிடந்தார். அவருக்கு ஏற்றப்பட்ட விஷமுறிவு மருந்தே ஒத்துக்கொள்ளாமல், உடல் தடித்து, மூச்சு அடைக்கத் தொடங்கியிருந்தது. டொக்டர் சொல்லச் சொல்ல மிஸி ஊசி போட்டார், ஒட்சிசன் பூட்டினார், நாடியைப் பிடித்தபடி நின்றார். மற்றத் தாதியோ விடுதியின் மறுகோடியில், வலிப்புடன் வந்த ஒருவரைக் கட்டிலிலிருந்து விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அரை மணித்தியாலம் கழித்து மிஸி எம்மிடம் வந்தார். போத்தலை மாற்றிவிட்டு, "குறை நினையாதையுங்கோ ஐயா. அவரை விட்டிட்டு வந்திருந்தா அவர் இருந்திருக்கமாட்டார்" என்றார். சத்தம் போட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வேறு யாருமல்லர். இதை எழுதும் எம்மில் ஒருவர்தான்.

அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம். இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலும், காணிக்குத் திரும்பிய காலத்திலும், எமக்கென்று இருந்த ஒரே மருத்துவம் அரசாங்க ஆஸ்பத்திரிதான். காசு கொடுத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போக எம்மால் இயலாது. ஆகவே அங்கு வேலை செய்பவர்களின் கஷ்டம் எமக்கு அந்நியமான விடயமன்று. அவர்களுடைய சுமை எங்கே கூடுகிறதோ அங்கே எமது உயிருக்கும் ஆபத்துக் கூடுகிறது.

கணக்குப் பார்ப்போம்

எமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் தாதியரின் கடமை பொதுவாக மூன்று முறையாகப் பிரிக்கப்பட்டுள்ளது. காலை 7 மணி முதல் பகல் 1 மணி வரை ஒன்று. 1 மணி முதல் இரவு 7 மணி வரை ஒன்று. இரவு 7 மணி முதல் மறுநாட் காலை 7 மணி வரை ஒன்று. இரவுக் கடமை 12 மணித்தியாலம். அதாவது 720 நிமிடங்கள். இருவர் கடமையில் இருந்தால் 1,440 நிமிடங்கள். அதை அன்றிரவு நாம் கண்ட 40 நோயாளருக்கும் பங்கிட்டால் ஒருவருக்குக் கிடைப்பது 36 நிமிடம். ஒரு முழு இரவுக்கும் அவ்வளவுதான்.

அந்த 36 நிமிடத்தில் செய்யவேண்டியவை எவை? காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை இரவில் மூன்று தரமாவது பார்க்க வேண்டும். ஒரு தரத்துக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 15 நிமிடம் போய்விடும். ஊசியும் குளிசையும் இரண்டு வேளை. அதற்கு 10 நிமிடம். செய்தவற்றையெல்லாம் கட்டில் ரிக்கற்றில் எழுத 5 நிமிடம். இத்துடன் 30 நிமிடம் முடிந்துவிட்டது. எஞ்சுவது 6 நிமிடம். தண்ணீர் கேட்பவர், சலம் கழிக்க எழும்ப முடியாதவர், நோவில் முனகுபவர், புதிதாக வந்து சேருபவர் ஆகிய அனைவருக்கும் அந்த ஆறு நிமிடத்துக்குள்தான் இடம். தாதி ஒரு மிடறு தேநீர் குடிப்பதும் அதற்குள்தான்.

இப்பொழுது ஒரு பாம்புக்கடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாதி அந்தக் கட்டிலோடு நின்றுவிட்டால் மற்றவர் 39 பேரையும் பார்க்க வேண்டும். அவருடைய 720 நிமிடத்தை 39ஆல் பிரித்தால் ஆளுக்கு 18 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும். செய்யவேண்டிய வேலையோ 30 நிமிடத்துக்குரியது. 30 நிமிட வேலையை 18 நிமிடத்தில் எவராலும் செய்ய முடியாது. ஏதாவதொன்று விடுபட்டே தீரும். எமது சேலைன் போத்தல் பிந்தியது மிஸியின் மனக்குறையாலன்று, கணக்கின் குறையால்.

எமது தொழில் தரும் நோய்கள்

கமக்காரரின் நோய்களில் பல, பக்கத்தில் ஆள் நின்று பார்க்க வேண்டிய நோய்கள். 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வொன்று, ஓராண்டில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 460 பேர் வரையில் இறப்பதாகவும் மதிப்பிட்டது. கடிபட்டோரில் வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர்களே அதிகம்.

கண்ணாடி விரியன் கடித்தவரின் இரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடும். அதை அறியத் தாதியும் வைத்தியரும் செய்யும் சோதனை மிக எளிமையானது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிதளவு இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். அதன்பின் விஷமுறிவு மருந்தைச் சேலைனோடு கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். இம்மருந்துக்கு ஒவ்வாமை ஏற்படுவது அரிதன்று. ஆகவே மருந்து ஏறும் நேரம் முழுவதும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மருந்து முடிந்த பிறகும் சில மணித்தியாலத்துக்கொரு தரம் இரத்தச் சோதனை தொடரும்.

பூச்சிநாசினி உடலில் சேர்ந்தவரின் நிலையும் இதுவே. தெளிக்கும்போது தவறுதலாகச் சேர்ந்தாலும், மனமுடைந்து குடித்தாலும், வந்தவுடன் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் கண்மணியையும் நாடியையும் நெஞ்சின் சத்தத்தையும் பார்த்துப் பார்த்தே மாற்று மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நஞ்சு தோய்ந்த உடுப்பைக் கழற்றி நோயாளியைக் கழுவும் தாதிக்கும் சிற்றூழியருக்கும் அந்த நஞ்சு தொற்றக்கூடும். டெங்கு நோயாளி கடுமையான கட்டத்துக்குள் வந்தால், குடித்த நீர் எவ்வளவு, கழித்த சலம் எவ்வளவு என்று மணித்தியாலக் கணக்கில் அளந்து எழுத வேண்டும். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பழுதாகத் தொடங்குவதை முதலிற் காட்டுவதும் அந்தச் சலக் கணக்குத்தான். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் பறிபோனதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களில் ஒரு கோப்பைச் சலத்தை அளந்து எழுதும் அற்பமான வேலைதான் ஒரு குடும்பத் தலைவனைக் காப்பாற்றுகிறது.

அவர்களுக்கு நேரும் ஆபத்துகள்

நோயாளியைக் காப்பவருக்கும் நோய் வரும். முதலாவது, ஊசிக்குத்து. அவசரத்தில் பாவித்த ஊசி கையில் ஏறிவிட்டால் நோயாளியின் இரத்தத்திலுள்ள கிருமி தாதிக்குச் செல்லும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஈரலழற்சி 'பி' கிருமி இவ்வாறு தொற்றும் வாய்ப்பு 100க்கு 30 வரையில் உண்டு. எயிட்ஸ் நோயை ஏற்படுத்தும் எச்.ஐ.வி. கிருமியெனில் அது சுமார் 300க்கு ஒன்று. முதலாவதற்கு மூன்று முறை போடும் தடுப்பூசி உண்டு. இரண்டாவதற்கு 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். குத்திய இடத்தை அழுத்திப் பிழியாமல் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே அறிவிக்க வேண்டும். ஆனால் அறிவிக்கப் போனால் விடுதியில் ஆளில்லையே என்று நினைத்து, கையைக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி வைக்கும் தாதிக்கு மட்டும் வரும் ஆபத்தன்று இது. நோயாளரின் கட்டிலையும் குப்பைப் பெட்டியையும் துப்புரவாக்கும் சிற்றூழியருக்கும் இதே ஆபத்து உண்டு. யாரோ கவனமின்றி எறிந்த ஊசி அவர்களுடைய கையிலேதான் ஏறும். இரத்தத்தையும் சளியையும் சோதிக்கும் ஆய்வுகூடத்தவரும் நாள்முழுக்கக் கிருமியோடுதான் புழங்குகிறார்கள்.

இரண்டாவது, நாரி நோ. மூட்டை தூக்கும் நாங்கள் அதை நன்கறிவோம். மூட்டைக்கு நோகாது, ஆதலால் எப்படியும் தூக்கலாம். நோயாளியை அப்படித் தூக்க முடியாது. நிலத்தில் பாயிற் கிடப்பவருக்கு ஊசி போடவும், காயம் கழுவவும், துணி மாற்றவும் இரவு முழுவதும் குனிந்து எழும்ப வேண்டும். சில ஆண்டுகளில் முதுகெலும்பு தன் கணக்கைக் கேட்கத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, கெட்ட நித்திரை. இரவையும் பகலையும் மாற்றி மாற்றி வேலை செய்யும் உடல் எதிலும் ஒழுங்கு பிடிக்காது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், இரவில் மாறிமாறிச் செய்யும் கடமையைப் புற்றுநோயைப் பெரும்பாலும் ஏற்படுத்தக்கூடியது என்று 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மீளாய்வு செய்தபோதும் அதே முடிவையே கூறியது. காலை 7 மணிக்குக் கடமை முடித்துப் போகும் தாதிக்கு வீட்டிலே நித்திரை காத்திருப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அடுப்பும் காத்திருக்கின்றன.

நான்காவது, மனிதர்களால் வரும் ஆபத்து. குடித்துவிட்டு வந்து கத்துபவர்கள், விடுதிக் கதவை உதைப்பவர்கள், கை ஓங்குபவர்கள் உண்டு. இளம் தாதியரிடம் தகாத பேச்சுப் பேசுபவர்களும் உண்டு. கடமையிலுள்ள அரச ஊழியரைத் தடுப்பதும் தாக்குவதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பாலியல் தொந்தரவும் 1995இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் அச்சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது. ஆனால் பொலிசுக்குப் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை.

எம்மோடு இடம்பெயர்ந்தவர்கள்

இன்னொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. நாம் ஓடியபோது ஆஸ்பத்திரியும் எம்மோடு ஓடியது.

1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய அமைதி காக்கும் படையினர் நுழைந்தனர். அன்றும் மறுநாளும் அங்கே நோயாளர்களோடு வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களும் கடமை உடையோடு கொல்லப்பட்டனர். 1990களின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் நாம் இரவைக் கழித்த அந்த ஆண்டுகளில், விளக்கு வெளிச்சத்திற் பிரசவம் பார்த்த மருத்துவமாதர்களும் தாதியரும் இருந்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்தச் சனத்தின் நடுவே தாதியரும் தத்தம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சென்றடைந்த இடத்திலே நாம் மரத்தடியில் அடுப்பு மூட்டினோம். அவர்கள் கொட்டிலில் காயம் கட்டினார்கள். வைத்தியர் இல்லாத கிராமங்களில் உதவி வைத்தியர்களும் தாதியருமே ஆஸ்பத்திரியாக நின்றனர்.

2009இல் வன்னியில் நடந்தவற்றை எழுதக் கை கூசுகிறது. கிளிநொச்சியிலிருந்து பெயர்ந்த வைத்தியசாலை இடத்துக்கு இடம் மாறியது. பெப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது எறிகணைகள் விழுந்து, நோயாளர்கள் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே பள்ளிக்கூடம் வைத்தியசாலையானது. பெப்ரவரி 10ஆம் திகதி முதல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு காயப்பட்டவர்களைக் கடல் வழியாகத் திருகோணமலைக்கு ஏற்றத் தொடங்கியது. கப்பலில் ஏறியவர்களுக்கு அதுவரையில் கட்டுப்போட்டு உயிரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் கரையிலேயே நின்றார்கள். அவர்களுடைய வீடும் போயிருந்தது, உறவும் போயிருந்தது. பின்னர் செட்டிகுளம் முகாம்களில் நாம் வரிசையில் நின்றபோது, அவர்களிற் பலரும் அதே முட்கம்பிக்குள்ளேதான் நின்றார்கள்.

அந்த நாட்களைக் கண்டவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் எமது வைத்தியசாலைகளில் கடமையில் இருக்கிறார்கள். கண்ட காட்சிகளை மனதில் பூட்டிக்கொண்டே ஊசி போடுகிறார்கள். அவர்களுடைய மனக்காயத்துக்குக் கட்டுப்போட எவரும் வரவில்லை.

ஆட்கள் ஏன் போதவில்லை?

தாதியர் பற்றாக்குறை உலகம் முழுவதிலும் உண்டு. 2023இல் உலகில் சுமார் 2 கோடி 98 இலட்சம் தாதியர் இருந்தனர் என்றும், மேலும் 58 இலட்சம் பேர் தேவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது. பணக்கார நாடுகள் தமக்குக் குறைவானவர்களை எம்மைப் போன்ற நாடுகளிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஒரு தாதியை உருவாக்க மூன்று ஆண்டுப் பயிற்சி வேண்டும். அவரை இழப்பதற்கு ஒரு விமானச் சீட்டுப் போதும்.

2022இன் பொருளாதார நெருக்கடி இதை மோசமாக்கியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்தின்மையால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. யூன் கடைசியிலிருந்து இரு வாரங்கள் வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது. இரவுக் கடமை முடித்த தாதி பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு மீண்டும் கடமைக்கு வந்த நாட்கள் அவை. அதே யூன் மாதத்தில், அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாட்டுக்கு வேலைக்குச் செல்லலாம் என்று சுற்றறிக்கை வெளியானது. பொருட்களின் விலை கூடிய வேகத்தில் சம்பளம் கூடவில்லை. போனவர்களை நாம் குறை சொல்ல முடியுமா? எமது பிள்ளைகளும் கடல் கடந்து போயிருக்கிறார்களே!

2024 தை மாதத்தில் வைத்தியர்களுக்கான கொடுப்பனவு 35,000 ரூபாவால் கூட்டப்பட்டபோது, தமக்கும் அவ்வாறு தரவேண்டுமென்று ஏனைய சுகாதார ஊழியர்கள் கோரினர். பெப்ரவரி 1ஆம் திகதி 72 தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். அதிகாலை பஸ் ஏறிக் கிளினிக்குக்கு வந்த எமது முதியவர்கள் மருந்தின்றித் திரும்பினார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஊழியர்களின் கோரிக்கையும் நியாயமற்றதன்று. இருவரையும் ஒருவரோடொருவர் மோதவிட்டு, தீர்வைத் தள்ளிப்போடுவதுதான் நியாயமற்றது.

வன்னிக்கு இன்னொரு குறையும் உண்டு. நியமனம் கிடைத்து வருபவர்கள் பலர், இடமாற்றம் எப்போது என்றே நாட்களை எண்ணுகிறார்கள். தங்குவதற்கு ஒழுங்கான விடுதி இல்லை. இரவு 7 மணிக்குப் பின் பஸ் இல்லை. யானை நடமாடும் பாதையில் தனியே மோட்டார் சைக்கிளிற் போக வேண்டும். பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் தூரத்தில் இருக்கிறது. இவை யாவும் மருந்தோடும் ஊசியோடும் சம்பந்தமற்றவை போலத் தோன்றலாம். ஆனால் ஒரு பாதுகாப்பான விடுதியும் ஓர் இரவு வாகனமும் இருந்தால் ஒரு தாதி எமது ஊரிலே ஐந்து ஆண்டுகள் நிற்பார். இல்லையேல் ஓராண்டிலே போய்விடுவார்.

மொழியும் ஒரு சுமையே. தெற்கிலிருந்து வரும் தாதிக்குத் தமிழ் தெரியாது; எமது ஆச்சிக்குச் சிங்களம் தெரியாது. "நெஞ்சுக்குள்ளை எரியுது" என்பதற்கும் "நெஞ்சு இறுக்குது" என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு வயிற்றுப் புண்ணுக்கும் மாரடைப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடாக இருக்கலாம். அதை விளங்கிக்கொள்ள முடியாமற் போனால் யார் மீது குற்றம்? வந்த இடத்தில் நாலு தமிழ்ச் சொல் படித்துக்கொண்டு "எங்க நோகுது அம்மா?" என்று கேட்கும் சிங்களத் தாதியரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு ஒரு சொல்லைத் திருத்திக் கொடுப்பதும் நோயாளருக்குச் செய்யும் சேவையே.

நாம் செய்யக்கூடியவை

சம்பளமும் ஆளணியும் அரசாங்கத்தின் பொறுப்பு. அதற்காகக் குரல் கொடுக்க வேண்டும். ஆயினும் அந்த 36 நிமிடத்தில் சில நிமிடங்களை மிச்சம் பிடித்துக் கொடுப்பது எமது கையில் இருக்கிறது.

1. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் குளிசைகளையும் ஒரு பையிற் போட்டுக் கொண்டு செல்வோம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைப்போம்.

2. உண்மையைச் சொல்வோம். குடித்தது எந்தப் பூச்சிநாசினி, நாட்டு மருந்து ஏதும் கொடுத்தோமா, எத்தனை மணிக்குப் பாம்பு கடித்தது என்பவற்றை மறைத்தால் மருந்து பிழைக்கும். பூச்சிநாசினிப் போத்தலின் லேபலைக் கொண்டு போவது பெரிய உதவி.

3. பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து விரைவாகக் கொண்டு போவோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வட மாகாணத்தில் இச்சேவை 2018 முதல் உண்டு. பாம்பைப் பிடித்துக்கொண்டு விடுதிக்குள் போக வேண்டியதில்லை.

4. துணைக்கு நிற்பவர் ஒருவர் போதும். ஐந்து பேர் நின்றால் தாதி கட்டிலை நெருங்க முடியாது. நிற்பவர் தண்ணீர் பருக்கலாம், சலத்தை அளந்து வைக்கலாம், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கலாம். ஆனால் சேலைன் வேகத்தைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

5. எப்போது கூப்பிட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வோம். மூச்சு இழுத்தால், நினைவு தடுமாறினால், உடல் தடித்தால், சலம் போவது நின்றால், இரத்தம் வந்தால், உடனே ஓடிச் சொல்ல வேண்டும். போர்வைக்கும் மின்விசிறிக்கும் சற்றுப் பொறுக்கலாம்.

6. பாவித்த ஊசியையோ பஞ்சையோ நாம் தொடவேண்டாம். கட்டிலிலே ஊசி கிடக்கக் கண்டால் அறிவிப்போம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைக் கழுவுவோம்.

7. குறை கண்டால் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. தாதியரும் மனிதர், கடுமையாகப் பேசுபவர்களும் கவனமின்றி இருப்பவர்களும் அவர்களுள் உண்டு. விடுதியிற் சத்தம் போடாமல், திகதியும் நேரமும் குறித்து, விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டரிடமோ வைத்திய அத்தியட்சகரிடமோ எழுத்தில் கொடுப்போம். எழுதிய முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். சத்தத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

8. கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் வைத்தியசாலையின் நலன்புரிச் சங்கத்தில் பங்குகொள்ளட்டும். ஒரு கட்டில், ஒரு தண்ணீர்த் தாங்கி, தாதியர் விடுதிக்கு ஒரு மதில், வாசலுக்கு ஒரு மின்விளக்கு என்பன ஊர் கூடினால் செய்யக்கூடியவை. சிரமதானத்தால் குளக்கட்டு உயர்த்திய எமக்கு இது பெரிய காரியமன்று. ஆனால் ஆளணி வெற்றிடங்களை நிரப்புமாறு கேட்கும் கடிதமும் அதோடு சேர்ந்து போகட்டும். நாம் மதில் கட்டிக் கொடுத்துவிட்டோம் என்பதற்காக அரசாங்கம் தன் கடமையிலிருந்து கழன்றுவிடக் கூடாது.

9. எமது பிள்ளைகளை இத்தொழிலுக்கு ஊக்குவிப்போம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உண்டு. இந்த மண்ணின் பிள்ளை தாதியாகி வந்தால், அவருக்கு எமது மொழியும் தெரியும், எமது நோவும் தெரியும். பையன்களும் செய்யக்கூடிய தொழில் இது.

விடிந்தபோது

அன்றிரவு நாம் நித்திரை கொள்ளவில்லை. வெட்கம் ஒரு புறம்; காணவேண்டும் என்ற எண்ணம் மறுபுறம். இரண்டு மணிக்கு வலிப்புக்காரர் உறங்கினார். மூன்றரைக்கு மூச்சிழுப்போடு ஒரு கிழவர் வந்தார். நான்கு மணிக்குப் பாம்பு கடித்தவரின் இரத்தத்தை எடுத்துக் குழாயில் வைத்து, மிஸி மேசையடியில் நின்றபடியே மணிக்கூட்டைப் பார்த்தார். இருபது நிமிடம். குழாயைச் சரித்தார். இரத்தம் ஓடவில்லை, கட்டியாக நின்றது. அவர் முகத்தில் அன்றிரவு முதன்முறையாகச் சிரிப்பைக் கண்டோம்.

காலை ஏழு மணிக்குப் புதியவர்கள் வந்தார்கள். கட்டில் கட்டிலாக நின்று ஒவ்வொருவரையும் பற்றிச் சொல்லி ஒப்படைத்து முடிக்க ஏழரை தாண்டிவிட்டது. அந்த அரை மணித்தியாலத்துக்குச் சம்பளம் உண்டோ என்று நாம் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கியபோது, முதல்நாள் இரவு சத்தம் போட்டவர் எழுந்து நின்று, "மிஸி, இராத்திரி நான் கதைச்சது பிழை" என்றார்.

"அதை விடுங்கோ ஐயா. உங்கட ஆளுக்கு இண்டைக்குக் காய்ச்சல் குறைஞ்சிருக்கு. சலத்தை மட்டும் ஒழுங்கா அளந்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் மழைக்குள் இறங்கி நடந்தார். அன்று மாலை அவருக்கு மீண்டும் கடமை இருந்தது.